ஆறு மணி நேர ஆகாயம்

காலத்தை வென்றவர்கள் இந்தப் பூவுலகில் எங்கள் புகாரெஸ்ட் விமான நிறுவனத்தார் மட்டுமே. முனிவர்களெல்லாம் அப்புறம்தான்.

லிஸ்பனிலிருந்து புகாரெஸ்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர், நாலரை மணி நேரப் பறப்பு. தினம் அரைமணி தாமதமாக வந்து தினம் வசவு வாங்கினோம். இயக்குநர் தித்து முந்தியானு கூட்டம் கூட்டினார்.

"விமானத்தை விரட்ட முடியாது. நேரத்தை இழுக்கலாமே?"

அட்டவணையில் பயண நேரம் ஆறு மணி என்று போட்டோம். மறுநாளே நாங்கள் 'முன்கூட்டியே' வந்தோம். எங்கள் ஜனங்கள் சக்கரம் தரையைத் தொட்டாலே கைதட்டுகிறவர்கள். சீக்கிரம் வந்துவிட்டோம் என்றதும் எழுந்து நின்று தட்டினார்கள். லிஸ்பனில் எங்களுக்கு நேரந்தவறாமை விருதே கொடுத்தார்கள். நேரந்தவறாமைத் துறையின் துணைத் தலைவனான நான்தான் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பக்கத்து இருக்கையில் வியோரிகா. லிஸ்பனில் முதியோரைக் குளிப்பாட்டிவிடும் வேலை. மடியில் ஒரு மெழுகுவர்த்தி.

"அம்மாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு சார். நான் ஒத்தைப் பொண்ணு. மெழுகுவர்த்திய நான் ஏத்திக் குடுத்தாதான் பிடிச்சுக்குவேன்னு அடம் பிடிக்குது."

கையில் வெளிச்சமில்லாமல் சாவது எங்கள் ஊரில் பரம எதிரிக்கும் நினைக்கக் கூடாத சாவு.

கதவைச் சாத்தினார்கள். விமானம் நகரவில்லை.

"ஏம்மா, கிளம்பலையா?" என்று பணிப்பெண்ணைக் கேட்டாள் வியோரிகா.

"காப்டன் சுட்ட மத்தி மீன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருக்கா. நமக்குத்தான் நேரம் இருக்கே!"

"எங்கம்மாவுக்கு இல்லடி!"

நான் பொறுமையாக விளக்கினேன். "இப்பவே கிளம்பினா ஒன்றரை மணி முன்னாடி போயிடுவோம்மா. அவ்வளவு முன்னாடி போனா ஆறு மணி எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க. கால்மணி முன்னாடிதான் கௌரவம்."

"பாவி! உங்க கௌரவத்துல இடி விழ!" என்றாள். படிப்பறிவு குறைந்தவர்களிடம் நிர்வாகம் பேசக் கூடாது.

மீன் முடிந்து, காபி முடிந்து, காப்டன் தன் இருக்கைக்கு வந்தார். புகாரெஸ்டில் சரியாகக் கால்மணி முன்பு இறங்கினோம். ஒரே கைதட்டல். வியோரிகா மட்டும் தட்டவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எப்போ? எப்போக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான், பத்து நிமிஷம் ஆச்சு என்று அந்தப் பக்கம் அழுதது எனக்கே கேட்டது. அம்மா கடைசிவரை வேறு யார் கையிலிருந்தும் வெளிச்சத்தை வாங்கவில்லையாம்.

விருதை வரவேற்கப் பூச்செண்டோடு வந்திருந்த இயக்குநரின் சட்டையை அவள் பிடித்துவிட்டாள். "எங்கம்மா இருட்டுல போயிட்டாய்யா! உங்களாலதான்யா!"

இயக்குநர் கலங்கவில்லை. தன் கடிகாரத்தை அவளுக்குக் காட்டினார்.

"இங்க பாரும்மா. நாங்க சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாடியே வந்துட்டோம். உங்கம்மா அதுக்கும் பத்து நிமிஷம் முன்னாடி போயிருக்காங்க. இதுல தாமதம் எங்க இருக்கு? அவசரப்பட்டது அவங்கதானே?"