வான்கோழியும் மாமாவின் சின்னத் தப்பும்

சேசு மரி சூசை துணை

தியத்தலாவை இராணுவ முகாம்,
1915, ஆவணி.

பூனாகலைத் தோட்டத்தையே விடியுமுன் தப்படித்து, வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்கு எழுப்பும் என் தாய்மாமா சவரியப்பன் அவர்களுக்கு, முகாம் சாமியாரின் கோயில்பிள்ளையும் சமையல்காரனுமான மருமகன் பிலிப்பு தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கொர்னேலியு சாமியாரும் ஆண்டவர் கிருபையால் சுகம். மேஜர் துரையின் வான்கோழி மட்டும் சுகமில்லை. யார் வயிற்றிலோ அடக்கமாகிவிட்டது. தாங்களும் அத்தையும் தங்கள் மகள் ஜெபமலரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். வழக்கம்போல இதைத் தங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும் கடைக்கார இத்ரூஸ் நானாவுக்கும், கேட்கக் கூடும் லயத்து ஜனங்களுக்கும் என் சலாம்.

"கோழித் திருடனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று தாங்கள் சொல்லியனுப்பிய சேதி கிடைத்தது. மாமா, முதலாவது, அது கோழி அல்ல. இரண்டாவது, நான் திருடவில்லை. சமையல்காரன் என்றால் முதல் சந்தேகம் அவன் சட்டியின் மேல்தானே! நமுனுகுலையில் தோட்டம் வைத்திருந்த அந்த மேஜர் துரை, நம்ம பாஷையிலேயே, "டேய் பிலிப்பு, நீதான் திருடன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வான்கோழி வரல்லே, நீயும் ஒங்க சாமியாரும் கேம்ப் விட்டு வெளியே" என்றுவிட்டார். செத்த வான்கோழி எங்கிருந்து வரும்? சண்டைக்குக் கப்பலேறவிருந்த சோல்ஜர்ப் பையன்களைப் பாவசங்கீர்த்தனம் செய்வித்து அனுப்பவேண்டுமே என்று சாமியாருக்குக் கவலை. என் பேரும் ஜெபமலரும் ஒரேயடியாகப் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

இதில் இன்னொரு சங்கடம். சாமியாருக்குக் காது மந்தம். பாவத்தைக் கத்திச் சொன்னால்தான் கேட்கும். கூடாரமோ வெறும் துணி. முதல்நாள் ஒரு பையன் உள்ளே போய்ச் சொன்னதைக் கேட்டு வெளியே வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருவனும் கிட்டே வரவில்லை. "என்னா செய்றது பிலிப்பு, எல்லாம் பாவத்தோட கப்பல் ஏறுமே" என்று சாமியார் கலங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் திருநாள் சப்பரத்துக்கென்று தங்களிடம் இரவல் வாங்கிய சின்னத் தப்பு நினைவுக்கு வந்தது. அடுப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு கூடாரத்து வாசலில் நின்று, உள்ளே கத்துவது வெளியே கேட்காதபடி ஓங்கி அடித்தேன். பையன்கள் சந்தோஷமாக வரிசைக்கு வந்தார்கள். சத்தத்தில் சாமியாருக்கு இருந்த காதும் கேட்கவில்லை, அவர்கள் இன்னும் கத்தினார்கள், நான் இன்னும் ஓங்கி அடித்தேன். எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த அடி தங்களிடம் கேட்டுப் பழகிய பெரட்டு அடி ஒன்றுதானே! முகாமுக்குப் பாதை வெட்ட வந்திருந்த நம் தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டதும் போட்டது போட்டபடி மண்வெட்டியோடு ஓடிவந்து சோல்ஜர்மாருக்குப் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். "பேர் போடுங்கண்ணே" என்கிறான் ஒருவன்.

பாதையில் ஆளில்லாததைக் கண்ட மேஜர் துரை குதித்துக்கொண்டு வந்து என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினார். தப்பு நின்றது. முகாமே நிசப்தம். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்த பையன் உயிர்போகக் கத்துகிறான், இங்கிலீசில்: "மேஜர் வான்கோழியைத் திருடினது நான்தான், சாமி!" சாமியார் அதைவிடப் பலமாக, "முழுசையுமா?"

மேஜர் துரையின் முகம் தக்காளிப்பழம். கூடாரத்துக்குள் பாயப்போனவரைச் சாமியார் வெளியே வந்து மறித்தார். "தொரை, பாவசங்கீர்த்தனம் தவறி வெளிய விழுந்தா, கேட்ட காதுக்கும் பூட்டு. யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, தண்டிக்கக் கூடாது. இது எங்க சட்டம்." துரை வேறு சபைக்காரர்; ஆனாலும் சட்டம் என்றதும் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். மறுநாள் பரேட்டில், "வான்கோழி பறந்து போச்சு" என்று அறிவித்தார். சிறகு வெட்டின வான்கோழி! கூடார வாசல் வரிசையில் நின்று கேட்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். மற்றவர்கள் துரை என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றே இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆகையால்தான் உள்ளதை உள்ளபடி தங்களுக்கு எழுதுகிறேன்.

பையன்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை ரயிலேறினார்கள். ஒருவர் மீதியில்லாமல் மந்திரித்து அனுப்பினார் சாமியார். அந்தத் திருட்டுப் பயலும் ஜன்னல்வழியே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மீசைகூட முளைக்கவில்லை, மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திரும்பி வந்து இன்னும் நாலு வான்கோழி திருடட்டும், பழியை நானே சுமக்கிறேன், வந்தால் போதும்.

மாமா மனமிரங்கிச் சம்மதம் சொல்லியனுப்பவும். அத்தைக்கு என் வணக்கம். லயத்துப் பிள்ளைகளுக்குச் சாமியாரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
களங்கமற்ற மருமகன்,
பிலிப்பு

பின்குறிப்பு, உறையின் முதுகில்: இத்ரூஸ் நானா கவனிக்கவும். உறையை ஒட்டும்போதுதான் புத்தியில் பட்டது: எல்லோருக்கும் முன்னால் வாசலிலேயே நின்று கேட்டவன் நான், ஆகையால் பூட்டு எனக்குந்தான். முத்திரை ஒட்டியாகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே தாங்கள் இக்கடிதத்தை வாசிக்கத் தொடங்குமுன், மாமாவைப் பெரிய தப்போடு கடைவாசலில் நிறுத்தி, வாசித்து முடியுமட்டும் ஓங்கி அடிக்கச் சொல்லவும். ஒரு சொல்கூட அவர் காதிலோ மற்றவர் காதிலோ விழக்கூடாது. ஜெபமலர் மட்டும் உப்பு வாங்க வந்தவள்போலத் தங்கள் தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.