ரகசிய டீச்சர் போட்ட சத்தம்

காதோடு காதாகத் திட்டுகிற ஆசிரியை இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரும் நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ரகசிய டீச்சர்.

வீட்டுப்பாடம் எழுதாதவனை எழுப்பி நிறுத்திக் கத்த மாட்டார். அவனருகே நடந்துபோய், காதில் ஏதோ சொல்லிவிட்டு, திரும்பி வந்து கணக்கைத் தொடர்வார். டீச்சர் நல்ல குள்ளம். ஒன்பதாம் வகுப்புப் பையன்களோ ஒரே கோடை விடுமுறையில் பனைமரமாக வளர்ந்து வருகிறவர்கள். அதனால் திட்டு வாங்குகிறவன், கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் குனிந்து வாங்கிக்கொள்வான். மற்றவர்களுக்கு மண்டை வெடித்துவிடும். என்னடா சொன்னாங்க என்று கேட்டால், அது எனக்கும் டீச்சருக்கும் உள்ளது என்பான், விருது வாங்கியவனைப் போல. அந்தக் கௌரவத்துக்காகவே வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர்கள் உண்டு.

பழக்கம் பள்ளியோடு நிற்கவில்லை. ஒருநாள் மீன்காரம்மாவின் காதில் போய், மீன் பழசு என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா, "என்னது, நேத்து மீனா?" என்று மார்க்கெட்டுக்கே கேட்கும்படி திருப்பிக் கேட்டதில், கூடை முன்னால் நின்ற கூட்டம் கலைந்துபோனது.

ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு ஒருமுறைதான் பதில் சொன்னார். "பதினாலு வயசுல, ஊரே நம்மளத்தான் பாக்குதுன்னு தோணும் சார். மூஞ்சில ஒரு பரு வந்தாலே பள்ளிக்கூடம் வர மாட்டேங்குதுங்க. அதுங்களை எல்லார் முன்னாலயும் திட்டுனா, திட்டுனது மனசுல நிக்காது. யார் யார் சிரிச்சாங்கங்கறதுதான் நிக்கும்."

எங்கள் தலைமையாசிரியர் இதற்கு நேர் எதிர். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் இடி. மைக் அவருக்கு வெறும் அலங்காரம். பத்தாம் வகுப்புத் தேன்மொழிக்கு அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தபோது, காலை வழிபாட்டில் அவளை முன்னால் நிறுத்தி, பாடம் பாடமாகப் படித்துக் காட்டிவிட்டார். அக்கறையில்தான் செய்தார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சில நாள் கழித்து விழிதியூரிலிருந்து அவள் அப்பா வந்தார். பிள்ளை இனிமேல் பள்ளிக்கூடப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள், டி.சி. கொடுத்துவிடுங்கள் என்று கைகட்டி நின்றார். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் ரகசிய டீச்சர் அறைக்குள் நுழைந்தார். காதில் ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் வாசலில் நின்ற நாங்கள் நினைத்தோம்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்! அத்தனை பேர் முன்னால அவ தலையக் குனிய வச்சது நீங்க. நீங்களே போயி நிமுத்துங்க."

பணியில் சேர்ந்த நாள்முதல் சேர்த்துவைத்திருந்த சத்தமெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. வகுப்புகள் கப்சிப் ஆயின. மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் பயந்துபோய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். தலைமையாசிரியர் பேனாவை மூடினார். சற்று நேரத்தில், டீச்சர் ஸ்கூட்டி ஓட்ட, ஆறடி மனிதர் முழங்காலை மடக்கிப் பின்னால் உட்கார்ந்து விழிதியூருக்குப் புறப்பட்டார். தேன்மொழியின் அப்பாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

எங்களைப் பார்த்ததும் தேன்மொழி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மெதுவாகப் பேசச் சொல்லி டீச்சர் ஜாடை காட்டினார். தலைமையாசிரியர் கதவிடுக்கில் வாய் வைத்து, தன்னால் முடிந்த அளவு ரகசியமாகப் பேசினார்.

"தப்பு என்னோடதும்மா. எல்லார் முன்னாலயும் அப்படிப் படிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

அவருடைய ரகசியம் தெருக்கோடி வரை கேட்டது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண்மணி, பெரிய வாத்தியார் மன்னிப்புக் கேட்கிற செய்தியை, காது கேட்காத தன் மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே முதலில் ஒரு விசும்பல். பிறகு அடக்க முடியாத சிரிப்பு. கதவு திறந்தது.

"சார், தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும்," என்றார் அவர், இந்த முறை முழுக்குரலில்.

மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய தட்டில் சுவர்ப் பல்லியெல்லாம் இடம் மாறின. பொதுத் தேர்வில் கணக்கில் பள்ளி முதல் அவள்தான். இப்போது காரைக்காலில் கல்லூரிக்குப் போகிறாள். தலைமையாசிரியரின் இடி அதற்குப் பிறகு பாராட்டுவதற்கு மட்டுமே முழங்கியது.

டீச்சர் ஓய்வு பெற்று அம்பகரத்தூரில் இருக்கிறார். எனக்கு அந்த ஊரில் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒருமுறையாவது அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.