ம் கொட்டும் பெட்டி

இனிமேல் என் வாயால் 'ம்' சொல்வதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன்.

மணமான ஆண்களுக்கு இம்முடிவின் வீரம் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காக விளக்குகிறேன். என் மனைவி அமலராணி கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு அருகே லாரி எடைமேடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். நிலக்கரி லாரிகள் மேடையில் ஏறும், இறங்கும். ஓட்டுநர்கள் ஆளுக்கொரு புகார் சொல்வார்கள். பகலெல்லாம் அவள் கேட்டவை அனைத்தும் மாலையில் தருமபுரத்திலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து இறங்கும். அவள் அடுப்பின் முன் நின்று பேசுவாள். நான் கூடத்து நாற்காலியில் அமர்ந்து, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து 'ம்' கொட்டவேண்டும். சாப்பாடு தயாராகும்வரை இதுவே என் பணி.

நானோ தமிழாசிரியன், பெயர் சவரிநாதன். எழுத்திலக்கணம் நடத்துகிறவன். 'ம்' ஒரு மெய்யெழுத்து. அதை ஒலிக்க ஆகும் நேரம் அரை மாத்திரை. இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அரை மாத்திரைதான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன். ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லி என் 'ம்' தேய்ந்து, கால் மாத்திரைக்கு வந்துவிட்டது. 'ம்' இவ்வாறு குறுகுவதற்கு இலக்கணத்தில் மகரக்குறுக்கம் என்று பெயர். இல்லறத்தில் வேறு பெயர்.

"என்னங்க, கேக்குறீங்களா? இன்னிக்கு என்னாச்சுன்னா…"

"ம்."

"நான் இன்னும் சொல்லவே இல்ல."

"ம்."

இப்படியே காலம் போயிருக்கும். கெடுத்தது கேரம். எங்கள் தெருக்கோடி மன்றத்தில் இவ்வாண்டு இரட்டையர் போட்டி அறிவித்தார்கள். நான் ஒலிபெருக்கிக் கடை ரிஃபாயுடன் சேர்ந்து பெயர் கொடுத்தேன். பள்ளியில் ஆண்டுதோறும் பிறர் வாங்கும் பரிசுகளுக்குப் பாராட்டுரை எழுதுகிறவன் நான். எனக்கென்று ஒரு கோப்பை, கையகலக் கோப்பையாயினும் சரி, இதுவரை வந்ததில்லை. இம்முறை வாங்கியே தீர்வது என்று இருந்தேன். ஆனால் பயிற்சியும் 'ம்' கொட்டும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"நீங்க வராம நான் எப்புடி வாத்தியாரே ஜோடி ஆட்டம் பழகுறது? எதிர்ல நாற்காலிய வச்சுக்கிட்டா?" என்றார் ரிஃபாய்.

"வீட்ல ஆள் வேணும் ரிஃபாய். ம் சொல்ல."

"வெறும் ம் மட்டும்தானா? வேற ஒண்ணும் சொல்றதில்லையா?"

"வேற சொல்றதுக்கு இடைவெளி கிடைச்சதில்ல."

"அதுக்கு எதுக்கு ஒரு முழு மனுசன்?" என்றவர், மேசை இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகட்டை எடுத்து வைத்தார். "இதுவும் கம்ப்யூட்டர்தான். உங்க செல்போனவிட விலை கம்மி. இந்த வேலைக்கு இது போதும்."

அதில் ஓர் ஒலி மென்பொருள். திரையில் வெள்ளைத் தாள்போல் ஒன்று விரியும். அதில் பெட்டி பெட்டியாக வைக்கவேண்டும். ஒரு பெட்டி ஒலியைக் கேட்கும். ஒன்று அதன் உரப்பை அளக்கும். பேச்சு அடங்கிவிட்டதா என்று ஒன்று பொறுத்திருந்து பார்க்கும். கடைசிப் பெட்டி வாய் திறக்கும். பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

"கம்பி நீட்டத் தெரிஞ்சா போதும் வாத்தியாரே" என்றார் ரிஃபாய்.

வீட்டிலிருந்து கம்பி நீட்டுவதற்காகத் திரையில் கம்பி நீட்டக் கற்றேன்.

பிறகு ஒலிப்பதிவு. ரிஃபாயின் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலிவாங்கியின் முன் உடன்பாட்டு 'ம்', வியப்பு 'ம்', இரக்க 'ம்' என்று வகைபிரித்து, ஒவ்வொன்றையும் பிசிறில்லாமல், அரை மாத்திரைக்குக் குறையாமல் ஒலித்தேன்.

"இது என்ன வாத்தியாரே, பல்லு வலியா?"

"இரக்கம்."

"யாரு மேல?"

தகட்டை ஒலிவாங்கி, ஒலிபெருக்கியோடு ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கினார் ரிஃபாய். முதல் சோதனையிலேயே பெட்டிக்குப் பைத்தியம் பிடித்தது. தான் சொன்ன 'ம்' தன் காதிலேயே விழ, அதற்கொரு 'ம்' சொன்னது. அதையும் கேட்டு இன்னொரு 'ம்'. எதிராளியே இல்லாமல் தன்னோடு தான் உடன்பட்டுக்கொண்டிருந்தது. பேசும்போது அதன் காதை அடைக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார் ரிஃபாய். "மனுசன் செய்யறதுதான். பேசறப்ப யாரு கேக்குறா?" என்று திரையில் ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்து, ஒரு கம்பியை அறுத்தார். சரியாகிவிட்டது.

மறுநாள் மாலை கூடத்து நாற்காலிக்குப் பின்னால், பழைய செய்தித்தாள் அடுக்குக்குள் பெட்டியை ஒளித்து வைத்தேன். வாசற்கதவை ஓசையின்றிச் சாத்தி, சன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியின் மறைவில் குந்தி உட்கார்ந்தேன். முதல் நாளாயிற்றே, நேரில் கேட்டுவிடவேண்டும்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு டிரைவர் வந்தாங்க. எட கூடக் காட்டுதுன்னு ஒரே சண்ட."

"ம்."

"மூணு வாட்டி போட்டாச்சு. மூணு வாட்டியும் அதேதான்."

"ம்ம்."

"முதல்ல லாரிய விட்டு நீ இறங்குப்பான்னேன்."

"ம்?"

பெட்டி குலுக்கிப்போட்டு எடுத்த வியப்பு அது. அதற்கு அமலா சிரித்தாள். என்னுடைய 'ம்'முக்கு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிறிது வருத்தமாகவே இருந்தது. சிரிப்பு நின்றதும் அவள் ஏதோ யோசிப்பதுபோல் பேச்சும் நின்றது. அந்நேரம் குக்கர் விசில் அடித்தது. பெட்டி, தன் கடமையில் வழுவாது, "ம்" என்றது.

"குக்கருக்குமா?" என்றாள் அமலா.

"ம்."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நான் செம்பருத்தியை விட்டு எழுந்து மன்றத்துக்கு நடந்தேன்.

அதன்பின் எல்லாம் ஏறுமுகம். தினமும் பயிற்சி. லீக் ஆட்டங்களில் வென்றோம். அரையிறுதியில் சிவப்புக் காயையும் அதற்குரிய துணைக்காயையும் ஒரே மூச்சில் குழிக்குள் தள்ளினேன். தெருவில் என்னை இதுவரை பெயர் சொல்லி அழைத்திராதவர்களும் அழைத்தார்கள். ஒரு சிக்கல் வந்தது, அதையும் சமாளித்தேன்.

"சட்டக் கையில என்னங்க வெள்ளையா?"

கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடர் அது. "சாக்பீஸ்" என்றேன்.

"கரும்பலகையெல்லாம் எடுத்துட்டாங்கன்னீங்க."

"எடுத்ததுல ஒட்டியிருந்தது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததை நான் வெற்றியென்று எண்ணிக்கொண்டேன். அமலாவின் முகமும் நாளுக்கு நாள் தெளிந்தது. "இப்பல்லாம் அவரு காது குடுத்துக் கேக்குறாரு" என்று பக்கத்து வீட்டு நீலாயதாட்சியிடம் அவள் சொன்னது என் செவிக்கே வந்தது. உண்மைதான். காது கொடுக்கச் சொன்னாள். ஒரு காதையே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை காலையில் அமலாவின் அண்ணன் ஆரோக்கியஜோசப் காரைக்கால்மேட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ள, ரொம்ப சந்தோஷம். நீங்க ஒத்துக்கிட்டதுலேர்ந்து எனக்குப் பாதி பாரம் கொறஞ்ச மாதிரி இருக்கு."

"எதுக்கு மச்சான்?"

"ஞாயித்துக்கிழம சாயந்தரம் எம் மக ஜோஸ்பின பொண்ணு பாக்க வர்றாங்கல்ல. மாப்பிள்ள வீட்டோட நீங்கதான உக்காந்து பேசப்போறீங்க. உங்க தமிழுக்கு யாரும் மறுப்பு சொல்ல முடியாது."

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன்.

"அமலா, நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"புதன்கிழம. கேட்டேன், ம்னீங்க. என்னடா இவரு உடனே ஒத்துக்கிறாரேன்னு இன்னொரு வாட்டி கேட்டேன். அதுக்கும் ம்னீங்க. அண்ணனும் போன்ல இருந்தாங்க, ஸ்பீக்கர்ல. அவங்க சொன்னதுக்கெல்லாம்கூட ம் போட்டீங்களே."

"ஓ."

"மீசய எடுக்கவும் அப்பதான் ஒத்துக்கிட்டீங்க."

என் கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று. கல்லூரி நாள்முதல் என்னுடன் இருப்பது அது. வகுப்பில் பாதி ஒழுக்கத்தை அதுதான் காத்துவருகிறது.

"மீசயா?"

"வர்றவங்க சாதுவான மனுசங்களாம். பேசப்போறவரு போலீஸ்காரரு மாதிரி இருந்தா பயந்துக்குவாங்க, எடுத்துடலாமான்னு கேட்டேன். ம்னு மட்டுமா சொன்னீங்க? ம்ம்ம்ம்னு இழுத்தீங்க."

அது இரக்க 'ம்'. நான்தான் பதிவு செய்தேன்.

என் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'நான் சொல்லவில்லை' என்றால், 'பின்னே யார் சொன்னது?' என்று அடுத்த கேள்வி வரும். மெய்யெழுத்தைக் கொண்டு பொய் சொன்னவன் நான். பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம்தான். மாதா கோயிலில் என்றால் மரத்தடுப்புக்கு மறுபக்கம் சாமியார் இருப்பார். கேட்டு, மூன்று செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இங்கே மறுபக்கத்தில் இருப்பவள் அமலா, அவள் கையில் தோசைக்கரண்டி. ஒரு பக்கம் கோப்பை, மறுபக்கம் குடும்பம்.

"என்னங்க யோசிக்கிறீங்க? மனசு மாறிடுச்சா? அண்ணன்கிட்ட வேணும்னா நான் சொல்லிடுறேன், அன்னிக்கு ம் சொன்னது அவரு இல்லன்னு."

அவள் அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் தீர்மானத்தை உடைத்து, என் சொந்த வாயால், கால் மாத்திரை அளவுக்கு, "ம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை காரைக்கால்மேட்டில், மழித்த முகத்தில் கடற்காற்று புதிதாகப்பட, மாப்பிள்ளையின் தந்தைக்கு எதிரே அமர்ந்திருந்தேன். காவலுக்கு நின்ற ஐயனார் எழுந்து போன கோயில் மாதிரி இருந்தது என் மேலுதடு. வாதாடி வெல்லத் தக்க சொற்களையெல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்; ஒன்றுக்கும் வேலையில்லை. அவர் விசைப்படகு எஞ்சின் வாங்கிய கதையைத் தொடங்கினார். அது பழுதானது, பிரித்தது, சேர்த்தது, மறுபடி பழுதானது என்று விளக்கு வைக்கும்வரை சொன்னார். நான் 'ம்' கொட்டினேன். பேச்சு முடிந்ததும், "வாத்தியாரு மாதிரி பொறுமையா கேக்குறவரு இருக்குற குடும்பம். எங்களுக்குச் சம்மதம்" என்று எழுந்தார்.

அதே நேரத்தில் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மாமரத்தடிக்குப் போய் எடுத்தேன்.

"கோப்பைய அவங்களுக்கே குடுத்துட்டாங்க வாத்தியாரே" என்றார் ரிஃபாய். "கேட்டுப் பாத்தேன். எதிர்ல நாற்காலிய வச்சு ஆடக் கூடாதாம்."

வீடு திரும்பியதும் அமலா புடவையைக்கூட மாற்றவில்லை. நேரே கூடத்துக்குப் போய், செய்தித்தாள் அடுக்குக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து மேசைமேல் வைத்தாள். நான் நின்றிருந்தேன். பெட்டி எதிரே இருந்தது. பெட்டிப் பாம்பாக அடங்கியிருந்தது நான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"குக்கரா?"

"குக்கருக்கு முன்னாடியே. நான் சொல்லி முடிச்சேன். அதுக்கப்புறம் ம் வந்துச்சு."

"அதுல என்ன?"

"கல்யாணம் ஆன நாளா நீங்க ஒரு வாட்டியாவது என்ன முடிக்க விட்டிருக்கீங்களா? பாதியிலயே போட்டுருவீங்க. சமயத்துல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. இது யாரோ நல்ல மனுசன்னு நெனச்சு எட்டிப் பாத்தேன். நாற்காலி காலியா இருந்துச்சு. செம்பருத்தி மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு."

பேச்சு அடங்கப் பொறுத்திருந்து பார்க்கும் அந்தத் திரைப்பெட்டியின் வேலை. அதை வைத்தவனும் நானே. கம்பி இழுத்தவனும் நானே.

"அப்ப மீச?"

"அது நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தது."

தலை குனிந்து, "கழட்டி ரிஃபாய்கிட்ட குடுத்துடுறேன்" என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. நாள் பூரா நான் டிரைவருங்களுக்கு ம் போடுறேன். எனக்கும் ஒழுங்கா போடறதுக்கு ஒண்ணு இருக்கட்டும். நீங்க போய் கேரம் ஆடுங்க. இனிமே மறைஞ்சு போக வேண்டாம், பவுடரு வேணும்னா மளிகச் சாமானோட எழுதிக்கிறேன்."

ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய விடுதலை கிடைக்குமா என்று கேட்கலாம். மறுநாள் மாலை மன்றத்துக்குப் போனேன். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். இனி அடுத்த ஆண்டுதான் போட்டி. திரும்பி வந்தேன். கூடத்து நாற்காலியில் அமர்ந்தேன். சமையலறையில், சாம்பார்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், பெட்டி வீற்றிருந்தது. அமலா அதன் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தாள். எடைமேடையில் அன்று நடந்தது பெரிய கதை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியைக் கேட்க நாற்காலியைச் சமையலறை வாசற்படிக்கு நகர்த்திக்கொண்டேன்.

"கடைசில அந்த டிரைவரே வந்து மன்னிப்பு கேட்டாங்க. நான் பெருசா எடுத்துக்கல. நான் செஞ்சது சரிதான?"

பொறுத்தேன். அவள் முடித்துவிட்டாள் என்று உறுதியாகும்வரை பொறுத்தேன். பெட்டிக்கு முந்திக்கொண்டு, உள்ளன்போடு, ஒரு துளியும் குறையாத அரை மாத்திரைக்கு, "ம்" என்றேன்.

அமலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களக் கேக்கலங்க."