மாமா அனுப்பின பன்னிக் கூண்டு என் வீட்டு நடையில மாட்டின விவகாரம்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நேத்து காலைல பத்து நாப்பத்திரெண்டுக்குத் தகவல் வந்துச்சு. "சார், பன்னிக் கூண்டு வந்திருக்கு, வீட்ல ஆள் இருக்கீங்களா?"ன்னு லாரி டிரைவர் போன்ல கேட்டாரு. மாப்பிள்ளை நலம். நீங்களும் அத்தையும் பண்ணையில இருக்கற இருபத்திரெண்டு தாய்ப்பன்னியும் நலமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு நேரா விஷயத்துக்கு வரேன், ஏன்னா ரொம்பக் கோவமா இருக்கேன்.

உங்க பொண்ணு நாலு வருஷம் முன்னாடி ஸ்பேனரும் கையுமா நின்னு ஒவ்வொண்ணாக் கழட்டி எடைக்குப் போட்டாளே, அதே மாதிரிக் கூண்டு. அவ நம்மளை விட்டுப் போய் எட்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள நாப்பது கூண்டு ஆர்டராம், சாம்பிள் ஒண்ணு எனக்காம், தீவனக் குழாய் எங்க வரணும்னு இன்ஜினியர் மாப்பிள்ளை பார்த்துச் சொல்லணுமாம். லாரி ஆளுங்க அதை வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கற நடையில சொருகினாங்க, கூண்டோட ஒரு கால் கதவு நிலையில மாட்டிக்கிச்சு, முன்னாலயும் வரல, பின்னாலயும் போகல. டிரைவர் கூண்டோட ரெண்டு பக்கக் கதவையும் திறந்து விட்டுட்டு, "இப்போதைக்கு இதுக்குள்ள பூந்து போங்க சார், உடம்பு மட்டும் வைக்காம பாத்துக்குங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

போறேன் மாமா. அகலம் அறுபது சென்டிமீட்டர், டேப் வச்சு அளந்துட்டேன். உள்ள போனா திரும்ப முடியாது. ஆபீசுக்குக் கிளம்பி பாதியில கண்ணாடி மறந்தது ஞாபகம் வந்தா ரிவர்ஸ்லயே வரணும். மாடி வீட்டு அக்கா சாப்பாட்டுக் கிண்ணத்தோட அந்தப் பக்கம் வந்து நின்னு, "தம்பி, வரீங்களா போறீங்களா?"ன்னாங்க. "எனக்கே தெரியலக்கா"ன்னேன். கிண்ணத்தைக் கூண்டுல இருந்த தீவனத் தொட்டியில வச்சிட்டுப் போயிட்டாங்க. நானும் சாப்பிட்டேன்.

உங்க கணக்கு எனக்குத் தெரியும். தாய் புரண்டு படுத்தா ஈத்துக்கு ஒரு குட்டி நசுங்குது, கூண்டுல நசுங்காது. இருபத்திரெண்டு நிக்கற கொட்டகையில நாப்பது நிக்கும். தீவனம் ஏறிடுச்சு, கறி விலை ஏறல. இருக்கட்டும். பழைய கூண்டுல மூணாவது ஈத்துலயே கால் விழுந்துச்சுன்னு கழிச்சுவிட்டீங்களே, அந்தத் தாய்ங்க எந்தக் கணக்குல வருது? இப்ப வைக்கோல்ல நடமாடறதுங்க ஆறு ஈத்து தாண்டுதே? குட்டிங்க ஒதுங்கறதுக்கு அவ சுவரோரம் கம்பி வச்சாளே, அப்புறம் எத்தனை நசுங்குச்சுன்னு அவ நோட்டைப் பிரிச்சுப் பாருங்க. குட்டி போடறதுக்கு முந்தின நாள் தாய்ப்பன்னி வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கிட்டு இடம் தேடி அலையும். "பாருங்க, மெத்தை போடறா"ம்பா உங்க பொண்ணு. அறுபது சென்டிமீட்டர்ல எங்க போடும்? அவ பங்குக்கு ஒருத்தன் இங்க உயிரோட இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்காம எந்த தைரியத்துல ஆர்டர் குடுத்தீங்க?

அத்தையை முட்டிக்குத் தைலம் தேச்சுக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் என் அன்பு, பன்னிங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா.

இப்படிக்கு,
கூண்டு வழியா வீட்டுக்குப் போற உங்க மாப்பிள்ளை

பி.கு.: நீங்க என்னைக் கேக்கவே இல்லன்னு நிரூபிக்கலாம்னு போன்ல பழைய மெசேஜை எல்லாம் தள்ளிப் பார்த்தேன். போன மாசமே கேட்டிருக்கீங்க. "மாப்பிள்ளை, கூண்டு போட்டுரலாமா? நீங்க சொல்லாம செய்ய மாட்டேன்." கீழ நான்: "சரி மாமா." அதுக்கு மேலயும் பார்த்தேன். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, ஒரு வாரம் இங்க வந்து இருங்களேன், எட்டு மாசமா எல்லாத்துக்கும் "சரி மாமா"தான். ஒண்ணைக்கூடப் படிச்சுட்டுப் போடல. இந்த ஒரு சரியை மட்டும் திருப்பி வாங்கிக்கறேன் மாமா, நாப்பதையும் நிறுத்துங்க. இதைப் படிச்சதும் நீங்க ஏதாவது கேப்பீங்க, என் விரல் பாட்டுக்கு மறுபடி சரின்னு போட்டுடும். அதனால போனை ஆஃப் பண்ணிட்டேன்.