உருகாமைச் சான்றிதழ்

ஏரியூர் லூர்துமேரிக்குப் பிரான்சு தேசத்து லூர்து கெபியை, அந்த மாதா குகையை, ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வைத்த பெயரே அதுதானே! அந்நாட்டுக் கன்னியர் மடத்திலிருந்த அவள் தங்கை சகாயமேரி, விமான டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். பாஸ்போர்ட்டுக்கு அரசாங்க அனுமதி ஒன்றுதான் பாக்கி.

அந்நியச் செலாவணிக்குப் பஞ்சமான அறுபதுகளின் கடைசி. தருமபுரியில் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தவர் அதிகாரி தீர்த்தகிரி.

"அங்க என்னம்மா விசேஷம்?"

"மாதா காட்சி குடுத்த எடமுங்க. பாறையில ஊத்துத் தண்ணி வருது. பாத்தாலே மனசு உருகிடுமாம்."

"தீர்த்தமலையிலயும் பாறையிலதான் வருது. உள்நாட்டுல கெடைக்கிறதுக்கு வெளிநாடு போக விதியில எடமில்ல."

"செலவெல்லாம் தங்கச்சிதானுங்க."

"செலாவணி போகுதா வருதாங்கறது வேற பிரிவு. உள்ளூர்ல உங்களுக்கு மனசு உருகலன்னு சான்றிதழ் வேணும்."

"யாருங்க குடுப்பாங்க?"

"நான்தான். நேர்ல பாத்துட்டு."

ஜீப் கிளம்பியது. லூர்துமேரியின் கண்களைக் கவனிப்பதற்கென்றே குமாஸ்தா குப்புராஜ் உடன் வந்தார்.

உருகவே கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அவள் தீர்த்தமலை ஏறினாள். மேலே, காய்ச்சல்காரக் குழந்தையை நீர்த்தாரையருகே ஏந்தி நின்ற ஒரு தாய், "காப்பாத்து சாமி" என்று விம்மினாள். அவ்வளவுதான்.

"கலங்கிடுச்சு சார்!" என்று கூவினார் குப்புராஜ்.

"தூசியாம்மா?" என்று கேட்டார் தீர்த்தகிரி. அவரும் மனிதர்தானே.

பொய் சொல்லிவிட்டு மாதா முகத்தில் எப்படி விழிப்பது? "இல்லீங்க. உருகிடுச்சு" என்றாள்.

மறுவாய்ப்பாக ஒகேனக்கல் அழைத்துப்போனார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகத்தில் சாரல் பட்டதும் செத்துப்போன புருஷன் நினைவு வந்து, வாய்விட்டே அழுதாள். உத்தரவு பிறந்தது:

'மனுதாரரின் மனம் மாவட்ட எல்லைக்குள்ளேயே திருப்திகரமாக உருகி வருவதால், வெளிநாட்டு உருக்கம் அநாவசியமெனக் கருதப்படுகிறது.'

செலாவணியை மிச்சப்படுத்திய தீர்த்தகிரியை மேலிடம் பாராட்டியது. உலக மக்கள் எங்கெங்கே, எவ்வாறு உருகுகிறார்கள் என்று ஆராய்ந்துவர அவரை ரோம், எருசலேம், லூர்து ஆகிய ஊர்களுக்கு அரசு செலவில் அனுப்பியது.

லூர்துமேரி கோபப்படவில்லை. ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து, "எம்பேர்ல ஏத்திடுங்க" என்றாள். திரும்பி வந்தவரிடம் முதல் ஆளாகப் போய்க் கேட்டாள்: "ஏத்துனீங்களா?"

"ஏத்தினேம்மா." தீர்த்தகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க நின்னு கொழந்தையாட்டம் அழுதுட்டேன். உள்ளூர்ல ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்ல."

விதிப்படி பார்த்தால், மாவட்டத்திலேயே வெளிநாடு போகத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் ஏரியூர்க்காரர்களான எங்களுக்கு உறைத்தது.

லூர்துமேரி இன்றும் ஞாயிறு பூசையில் தாராளமாக அழுதுவிட்டு, சிரித்த முகமாக வூட்டுக்குப் போகிறாள். மற்ற நாங்கள்தான், சாவு வூட்டில்கூடக் குப்புராஜ் வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அழுகிறோம். யாருக்கு எப்போது பாஸ்போர்ட் தேவைப்படுமோ!