பதினெட்டு வயதில் காலாவதியாகும் அநாதை

எகிப்தின் மன்சூராவில் எங்கள் தெருமுனை அநாதை இல்லத்தின் விதிப்படி, ஒருவன் அநாதையாக இருப்பது பதினெட்டாவது பிறந்தநாளோடு முடிவடைகிறது. அதற்கு மேலும் அவன் அநாதையாகத் தொடர்ந்தால் அது விதிமீறல். ரிஃபாத்துக்கு இந்த வாரம் பதினெட்டு. இல்ல இயக்குநர் ஷுக்ரி சார் அவனைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கி வாழ்த்தினார்.

"மப்ரூக் தம்பி! இன்னியிலேர்ந்து நீ அநாதை இல்ல."

"அப்படியா சார்! எங்கப்பா வந்துட்டாரா?"

"என்ன கிண்டலா? பையைக் கட்டி வை. வெள்ளிக்கிழமை உனக்கு வழியனுப்பு விழா."

ரிஃபாத்துக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை வகுப்பு. படித்து முடிக்கும்வரை படுக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அது இல்லையென்றால் படிப்பு போச்சு. அவனுக்கு முன்னால் போனவர்கள் மாதிரி கெய்ரோவில் சிமென்ட் மூட்டை சுமக்க வேண்டியதுதான்.

கல்லூரி விடுதிக்குப் போய்க் கேட்டான். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தேநீரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"விடுதி வெளியூர்ப் பிள்ளைங்களுக்குப்பா. உன் விலாசம் இதே ஊர்தானே? நடந்து போற தூரத்துல வீட்டை வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிறியே!"

"அந்த வீட்டுல வெள்ளிக்கிழமைக்கு மேல என்னை வெச்சுக்க மாட்டாங்கம்மா."

"குடும்பச் சண்டையை எல்லாம் இங்க கொண்டாராதே."

விழா வந்தது. தெருவே திரண்டது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் மனநலம்தானே? கெய்ரோவிலிருந்து இன்ஷிராஹ் மேடம் வரவழைக்கப்பட்டிருந்தார். வளரிளம்பருவ நலவாழ்வு ஆற்றுப்படுத்துநராம். அடேயப்பா, பட்டத்தைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டது.

"கண்ணை மூடு ரிஃபாத். ஆழமா மூச்சை இழு. உன் சொந்த வீடு தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"உள்ளே போ."

"காவல்காரன் விட மாட்டேங்கிறான் மேடம்."

அடுத்துப் பேசியவர் தசூகி ஹாஜி. இல்லத்தின் பெரும் புரவலர். எங்கள் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் அவருடையது. அநாதையின் தலையைத் தடவினால் புண்ணியம் என்று கையை உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை. ரிஃபாத் குனிந்து கொடுத்தான். ஹாஜிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இவன் நம்ம எல்லாருக்கும் மகன்!"

நாங்களும் அழுதோம். ரிஃபாத் மைக்கை வாங்கினான்.

"ஹாஜி, உங்க மூணாம் மாடி பூட்டியேதானே கிடக்கு? எனக்கு வாடகைக்குக் குடுங்க. பீன்ஸ் சாண்ட்விச் கடையில வேலை பாக்குறேன், ஒழுங்காக் குடுத்துருவேன்."

"ஐயோ, அது என் பேரன் கல்யாணத்துக்குக் கட்டினதுப்பா."

"கல்யாணம் எப்போ?"

"இப்போ நாலு வயசு ஆகுது."

யாரும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் பையன் பிறந்தால் மேலே ஒரு மாடி எழுப்பிப் பூட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"அவன் மாப்பிள்ளை ஆகிற வரைக்கும் இருந்துட்டுப் போறேனே ஹாஜி?"

"பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீடுப்பா. உன் அப்பன் யாருன்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"இப்பத்தானே எல்லாருக்கும் மகன்னீங்க?"

ஷுக்ரி சார் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "இளைஞர் ரிஃபாத்தின் உறைவிடப் பிரச்சினையை ஆழ்ந்து ஆராய உயர்மட்டக் குழு ஒன்று உடனடியாக அமைக்கப்படுகிறது. அவர் காலிசெய்யும் அறையிலேயே குழுவின் அலுவலகம் இயங்கும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரிஃபாத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினான்.

"வேற யாராவது? ஒரு ரூம் இருந்தாப் போதும்."

எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்ய? என் வீட்டு மாடியும் மகன் கல்யாணத்துக்காகப் பூட்டியிருக்கிறது. எனக்கு மூன்றும் பெண்கள்.