என் நம்பரையே போட்டுக்குங்க

நல்லவர்களில் பல வகை உண்டு. அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பவர் ஒரு வகை. கொடுத்த மூட்டையின் மேல் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பவர் இன்னொரு வகை. இந்தக் காலத்தில் புதிதாக ஒரு வகை முளைத்திருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் பேர் வைக்கவில்லை என்பதால் நாமே வைத்துவிடுவோம்: நம்பர் கொடுக்கும் புண்ணியவான். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டரில் யாருக்கு எந்தக் கணக்குத் திறந்தாலும், செல் நம்பர் கேட்கும் கட்டம் வந்ததும், "உங்களுக்கு எதுக்குச் சிரமம், என் நம்பரையே போட்டுக்குங்க" என்று சொல்லி, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் தட்டியும் முடித்துவிடுவாரே, அவர்தான்.

காரைக்கால் தருமபுரத்து சோமசேகரன் இந்த வகையில் அசல் சரக்கு. கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, சங்கம் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுவந்தவர். அதன் நெற்றிக்கு விபூதிப் பட்டை, மவுஸுக்குச் சந்தனப் பொட்டு. குளிக்காமல் யாரும் தொடக் கூடாது. இதையெல்லாம் நாம் குறை சொல்ல மாட்டோம். சாமி இல்லாத இடம் ஏது? ஆனால் அந்தச் சாமிக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதில் சோமசேகரன் இருந்தார்.

தெருவில் பாதிப் பேருடைய சிலிண்டர், பென்ஷன், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் அவர் சட்டைப் பையில்தான். பைக்குள் போன் ஒலிக்கும்போதெல்லாம், கூட்டத்துக்கு நடுவில் அர்ச்சகர் இவருடைய நட்சத்திரத்தைச் சொன்னாற்போல அவர் முகம் மலரும். வாசலில் வந்து நின்று, ஓர் ஓடிபி வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை என்று பொதுவாக அறிவிப்பார். நாலு வீட்டிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார். அவர்கள் ஓடி வருவதே போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவள் நீலாயதாட்சி. அதே தெருதான், நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவள். மகள் சிவப்ரியாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை அஞ்சு மணிக்குள் கணக்குக்குள் போய், 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வேலை அவ்வளவுதான். ஆனால் உள்ளே போக ஓடிபி வேண்டுமே, அது யார் போனுக்கு வரும்?

காலையில் தாயும் மகளும் வந்தார்கள், சோமசேகரன் பூஜையில் இருந்தார். மத்தியானம் வந்தார்கள், சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். மூன்று மணிக்கு மேல் வந்தபோது அவர் விழித்திருந்தார். ராகு காலமும் விழித்திருந்தது.

"நாலரை வரைக்கும் ராகு காலம் தங்கச்சி. புள்ள படிப்பு விஷயம். அதுக்கப்புறம் அரை மணி நேரம் முழுசாக் கெடக்குல்ல?" என்றார்.

நீலாயதாட்சிக்கும் ராகு காலம் என்றால் பயம்தான். தலையாட்டினாள். சோமசேகரனோ முன்யோசனைக்காரர். உள்ளே போவதற்குத்தான் நேரம் பார்க்க வேண்டும், ஓடிபியை முன்கூட்டியே வரவழைத்து வைப்பதில் தோஷமில்லை என்று கண்டுபிடித்தார். பாஸ்வேர்டைப் போட்டார். ஓடிபி வந்தது. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பிள்ளையார் படத்தின் காலடியில் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் வைத்தார்.

சிவப்ரியா திரையைப் படித்தாள். "மாமா, இது பத்து நிமிஷத்துக்குத்தான் செல்லுமாம்."

"அது ஊர் உலகத்துக்குப் போட்டிருக்கறது ஆயி. சாமி காலடில இருக்கறது எங்க போயிடப் போவுது?"

கீழே 'வேறு வழியில் சரிபார்க்க' என்று ஒரு வரி இருப்பதையும் அவள் காட்டினாள்.

"அது திருட்டுப் பசங்க பூர்றதுக்கு வச்சிருக்கற சந்து. தொட்டுடாத."

நாலரை அடித்தது. கற்பூரம் காட்டி, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சீட்டிலிருந்த எண்ணைத் தட்டினார். தவறு என்றது. கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை போலும் என்று நிறுத்தி நிதானமாகத் தட்டினார். தவறு. புதிதாக ஒன்று கேட்டார். அதுவும் வந்தது. வந்ததைத் தட்டினாரா? பூ வைத்துக் கும்பிட்டதை விட்டுவிட மனம் வருமா? பழையதையே இன்னும் அழுத்தமாகத் தட்டினார். இந்த எண்ணுக்கு இன்று இனி ஓடிபி அனுப்ப இயலாது என்று திரை கையை விரித்துவிட்டது.

"சர்வர் டவுன்" என்றார் சோமசேகரன். இந்த வகையினர் தங்களைத் தவிர யாரைக் குற்றம் சொல்ல வேண்டியிருந்தாலும் அவர்களுக்கு இந்த இரண்டு சொல் போதும்.

நீலாயதாட்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "அப்ப எம்புள்ள நர்சு ஆவாதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

சோமசேகரன் சட்டென்று எழுந்தார். ஆள் கெட்டவர் இல்லையே. ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு முக்குப் பிள்ளையார் கோயிலுக்குச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

நாற்காலி காலியானது.

"அந்தச் சந்துலயே பூரு" என்றாள் நீலாயதாட்சி.

சிவப்ரியா உட்கார்ந்து அந்த வரியை அமுக்கினாள். கணக்கைத் திறந்தவர் சோமசேகரன் என்றாலும், பிறகு பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் போட்ட நாளில் டீச்சர் இரண்டாவது நம்பராக அம்மாவுடையதையும் சேர்த்து வைத்திருந்தார். நீலாயதாட்சியின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது. தேள் கொட்டினாற்போலத் துள்ளினாள். மகள் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். கதவு திறந்தது. 'சம்மதம்' அமுக்கியாயிற்று. அப்படியே, முதல் நம்பரை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டது.

"மாத்திடு."

தேங்காய் மூடியும் கையுமாக வந்த சோமசேகரன் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, பிள்ளையார் சர்வர எழுப்பிட்டாரு."

"அவரு புண்ணியந்தாண்ணே. நாக்காலிய அவருதானே காலி பண்ணிக் குடுத்தாரு" என்றாள் நீலாயதாட்சி, பணிவாகவே.

சோமசேகரன் தன் போனை எடுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "அப்புறம் எனக்கு ஓடிபி வரவே இல்லியே?"

"இனிமே வராதுண்ணே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அவர்களுடைய பேங்க் கணக்கு எந்த நம்பரில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நம்பர் உங்கள் சட்டைப் பையில் ஒலிக்கும் நம்பராக இருந்தால், ராகு காலமெல்லாம் பார்க்க வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.